தரைத்தளம்

லியோன் நகரத்து லிஃப்டுகளுக்கு நான் வைத்தியன்.
முப்பத்தோரு வருடமாக
கிரீஸ் விரலால் முதலில் அமுக்கிப் பார்ப்பது
சைபர் என்ற பொத்தானை.
தெருவோடு ஒட்டிய தளத்துக்கு இங்கே எண்ணிக்கையில் இடமில்லை.
ஏறினால்தான் ஒன்று.

நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை,
சிரிக்காதீர்கள்.
மூன்றாம் மாடி என்று நான் எழுதி அனுப்பியதை நம்பி
ஹே-வோன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு
சோலில் எண்ணுவதுபோல எண்ணி ஏறி
இரண்டாம் மாடிக் கதவில் என் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள்.
முட்டை அடிக்கும் கரண்டியோடு திறந்தாள் மதாம் ஃபோஷேர்.
அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

விமானம் ஏறும்போது அவளுக்கு முப்பத்தாறு,
இறங்கும்போது முப்பத்து நாலு.
அவர்கள் ஊரில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது,
புத்தாண்டு விடிந்தால் ஊருக்கே இன்னொன்று.
"சட்டம் மாறிவிட்டதாமே?" என்றேன்.
"சட்டத்துக்கு மாறிவிட்டது" என்றாள்.
முகத்துக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லையாம்.

அளவுகோல் சைபரில் தொடங்குகிறது பார்
என்று ஒருநாள் எடுத்துக் காட்டினேன்.
அளவுகோலை யாரும் ஒன்பது மாதம் சுமப்பதில்லை என்றாள்.
பிறகு அவள் முறை:
வாரத்துக்கு ஏழு நாள்தானே,
உங்கள் ரொட்டிக்கடைக்காரன் ஏன் எட்டு நாள் என்கிறான்?
இரண்டு வாரத்தை ஏன் பதினைந்து நாள் என்கிறீர்கள்?
மாடிக்கு ஒரு கணக்கு, நாளுக்கு ஒரு கணக்கா?
எனக்குப் பதில் தெரியவில்லை.
ரொட்டியை வெட்டினேன்.

மூன்று என்று எழுதியிருக்கும் எங்கள் வீடு
அவள் எண்ணினால் நாலு.
அவள் மொழியில் நாலும் சாவும் ஒரே ஒலி.
ஃபோனில் அம்மாவிடம் மூன்று என்றே சொல்லி வைத்தாள்.
பொய் இல்லை, ஊர்க் கணக்கு.

டிசம்பர் இருபத்தேழில் பிறந்தாள் யுன்சல்.
தண்ணீர்மேல் வெயில் நொறுங்கி மினுங்குவதற்கு
அவர்களிடம் அந்த ஒரே சொல்.
சோன் நதியைப் பார்த்துக்கொண்டே வைத்த பெயர்.
கண்ணாடிப் பெட்டிக்குள் நூல்நூலாய்க் குழாய்கள்.
பதினைந்து நாளில் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்
என்றார் டாக்டர்.
பிறந்த நாளையே முதல் நாளாக வைத்து
ஹே-வோன் விரல் மடக்கினாள்.
பன்னிரண்டில் நின்றது.

அலுவலகத்தில் ஹீட்டர் அதிகம்.
குமாஸ்தா இளைஞன், நல்ல பையன்,
வயது என்ற கட்டத்தில் சைபர் தட்டினான்.
திரையைத் திருப்பிச் சரிபார்க்கச் சொன்னான்.
ஹே-வோன் இரண்டு விரலை நீட்டினாள்.
"இது இரண்டாவது குழந்தையா, மதாம்?"
இல்லை என்று தலையாட்டினாள். விரல்கள் இறங்கவில்லை.
டிசம்பரில் ஒன்று. ஜனவரியில் இரண்டு.
இரண்டு கணக்கும் தெரிந்தவன்
அந்த அறையில் நான் ஒருவன்தான்.
"ஒன்றுமில்லை, தொடருங்கள்" என்றேன்.

ஒன்றுமில்லை.
அதைச் சொல்லவும்
ஒன்று என்றுதான் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

சைபருக்குக் கீழே ஒரு குழி உண்டு,
பயணிகளுக்குத் தெரியாது.
ஸ்பிரிங், எண்ணெய், பிளவு வழியே விழுந்த சில்லறை,
ஒருமுறை ஒற்றைக் கம்பளிக் கையுறை, கட்டைவிரல் அளவு.
அந்த வாரம் நான் வேலைக்குப் போய்
மேலே வரச் சொல்லிக் கூப்பிடும்வரை
அங்கேயே நின்றேன்.

ஆனால் அதற்கு முன்,
அலுவலகத்திலிருந்து திரும்பிய அந்த மாலை,
வாசல் ஓட்டில் பனி உதறிவிட்டு
படிக்கட்டைப் பார்த்தோம்.
மதாம் ஃபோஷேர் மேலே விளக்கைப் போட்டாள்.
ஹே-வோன் என் கையைப் பிடித்தாள்,
கால் இன்னும் தரையில்தான் இருந்தது,
அப்போதே
ஒன்று என்றாள்.